குடை பிடிக்க ஆள் வேண்டாத கேமரா

பன்னிரண்டாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

விலை உயர்ந்த பொருள் எல்லாம் நமக்கு உகந்த பொருள் ஆகிவிடாது. பட்டுப் புடவை எத்தனை அழகாக இருந்தால் என்ன? அதை உடுத்திக்கொண்டு கடற்கரையில் மீன் ஏலத்துக்குப் போக முடியுமா? எங்கே, எதற்காக என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே கடைக்குப் போக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்தப் பாடத்தை நான் ஒரு கேமராவைத் தேர்ந்தெடுத்தபோது முழுமையாகப் புரிந்துகொண்டேன். அந்த அனுபவத்தை என் அன்புத் தோழியருடனும், எங்களை வழிநடத்தும் அருட்சகோதரிகளுடனும், பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள ஒரு சிற்றூர். அப்பாவுக்குக் கடல் தொழில். அம்மா மீன் விற்கிறார். ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் கடலைப் பார்த்தவர்களுக்கு அதன் கோபம் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும், சாரல் ஓயாது, அலை உடைந்து எழும் உப்புத் துளிகள் தென்னை மர உயரத்துக்குப் பறக்கும். அந்த நேரத்தில்தான் கரையில் வேலை அதிகம். வள்ளத்தைத் தோளால் தள்ளி அலை தாண்ட விடுவதும், கரைமடி வலையை இருபுறமும் நின்று இழுப்பதும், மேட்டுக்கு வள்ளங்களை ஏற்றி வைப்பதும் அப்போதுதான். சுற்றுலா வருவோர் எடுக்கும் படங்களில் இவை எதுவும் இருப்பதில்லை. அவர்கள் வெயில் நாளில் வருகிறார்கள். சூரியன் மறைவதை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

எனக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் கடலைக் கலக்கியது. அன்று தொழிலுக்குப் போயிருந்த என் பெரியப்பா திரும்பி வரவில்லை. நான் அப்போது சிறுமி. வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, பெரியம்மா மட்டும் தகரப் பெட்டியைத் திறந்து எதையோ தேடிக்கொண்டே இருந்தார். படிவத்தில் ஒட்டவும், வாசலில் வைக்கவும் பெரியப்பாவின் படம் ஒன்று வேண்டியிருந்தது. கிடைத்தது வாக்காளர் அடையாள அட்டை மட்டுமே. என் தாய்மாமா நாகர்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அன்று இரவு முழுவதும் உட்கார்ந்து அந்தத் தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கினார். முகம் புள்ளி புள்ளியாக உடைந்துபோனது. நாற்பது ஆண்டு கடலில் உழைத்த ஒரு மனிதர் கடலோடு இருக்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

எங்கள் கரையில் உள்ள ஒவ்வொருவரையும் அவரவர் வேலையில் இருக்கும்போது நல்ல படமாக எடுத்து, அச்சிட்டு, அவரவர் வீட்டில் கொடுக்க வேண்டும் என்று அன்று தோன்றிய எண்ணம் என்னுடன் சேர்ந்தே வளர்ந்தது. பதினோராம் வகுப்புக்கு வந்தபோது அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, சீட்டு எடுத்த பணத்தில் ஒரு பங்கை என் கையில் வைத்தார். 35,000 ரூபாய். தலைச்சுமையாக மீன் விற்றுச் சேர்த்த பணம் அது. அதில் ஒரு ரூபாய்கூட வீணாகக் கூடாது என்ற பொறுப்பு என் மேல் ஏறிக்கொண்டது.

நேராக மாமாவின் ஸ்டுடியோவுக்குப் போனேன். எந்தக் கேமரா நல்ல கேமரா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "மக்களே, எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான். நீ எங்க நிக்கப் போற? அத முதல்ல சொல்லு" என்றார். மழையில், அலைக்குப் பக்கத்தில் என்றேன். அவர் முகம் மாறியது. "கல்யாண வீட்டுல மழை வந்தா எனக்குக் குடை பிடிக்க ஒரு பையன் இருக்கான். உனக்கு யாரு குடை பிடிப்பா?" என்று கேட்டார். என் தேடலுக்கு வழி காட்டியது அந்த ஒரு கேள்விதான்.

கையில் இருக்கும் செல்போன் போதாதா என்று தோழிகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இன்று பல போன்கள் தண்ணீரைத் தாங்கும். படமும் நன்றாகவே வரும். ஆனால் மழைத்துளி விழுந்த தொடுதிரை விரல் சொல்வதைக் கேட்பதில்லை. வெயில் அடிக்கும் வெள்ளை மணலில் திரையில் என்ன இருக்கிறது என்றே தெரிவதில்லை. அலைக்குள் நிற்பவரின் முகத்தைக் கரையிலிருந்து எடுக்க நீண்ட லென்ஸ் வேண்டும். எனவே லென்ஸ் மாற்றக்கூடிய எஸ்.எல்.ஆர். கேமராவே என் தேவைக்கு ஏற்றது என்று மாமா சொன்னார்.

எஸ்.எல்.ஆர். கேமரா எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இங்கே சுருக்கமாகக் கூறுகிறேன். லென்ஸ் வழியாக வரும் ஒளி, உள்ளே 45 பாகை சாய்வில் நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே திரும்புகிறது. மேலே ஐந்து முகப்புப் பட்டகம் ஒன்று இருக்கிறது. அது பிம்பத்தை நேராக்கி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே உயர, ஷட்டர் திறக்க, ஒளி உணரியில் விழுகிறது. ஆகவே லென்ஸ் காண்பதையே நம் கண்ணும் காண்கிறது. எத்தனை வெயில் அடித்தாலும் காட்சி மங்குவதில்லை. விலை குறைந்த பல கேமராக்களில் முழுக் கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதிலாகச் சிறு கண்ணாடித் துண்டுகளைக் கூட்டாக ஒட்டி வைத்திருப்பார்கள். அவற்றில் காட்சி சற்று இருண்டும் சிறுத்தும் தெரியும். கேமரா வாங்குவோர் இதைக் கண்ணை வைத்துப் பார்த்தே அறியலாம்.

கண்ணாடியே இல்லாத புதுவகைக் கேமராக்கள் இன்று சந்தையை நிறைத்துள்ளன. கேனான், நிக்கான் ஆகிய இரு பெரிய நிறுவனங்களும் 2020-க்குப் பிறகு புதிய எஸ்.எல்.ஆர். எதையும் வெளியிடவில்லை. புதுவகையிலும் மழை தாங்குபவை உண்டு. ஆனால் அவை என் 35,000 ரூபாய்க்கு எட்டவில்லை. பலரும் புதுவகைக்கு மாறிச் செல்வதால், நல்ல எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பழைய விலைக்குக் கைமாறுகின்றன. பிறர் இறக்கி வைத்த கூடையில் நமக்கு வேண்டிய மீன் இருந்தால் எடுத்துக்கொள்வதில் என்ன குறை?

அடுத்து மழையின் கதைக்கு வருவோம். "மழை தாங்கும்" என்று ஒரு கேமராவைச் சொன்னால் அதன் பொருள் என்ன? கேமராவின் உடல் ஒரே வார்ப்பு அல்ல. பல துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. ஒவ்வொரு பொருத்திலும், ஒவ்வொரு பொத்தானின் அடியிலும், சுழலும் திருகின் தண்டிலும், பேட்டரிக் கதவிலும், அட்டைக் கதவிலும் தண்ணீர் புக ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிகளை ரப்பர் வளையங்களாலும் பட்டைகளாலும் அடைப்பதே மழைத்தடுப்பு. பிரஷர் குக்கர் மூடியின் ரப்பர் வளையத்தை எண்ணிப் பாருங்கள்; அதே வேலைதான்.

இதில் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. ஒன்று, மழை தாங்குவது வேறு, நீரில் மூழ்குவது வேறு. சாரலையும் தெறிப்பையும் தாங்கும் கேமரா, கடலில் விழுந்தால் தாங்காது. இரண்டு, கேமரா மட்டும் அடைபட்டிருந்தால் போதாது. அதில் மாட்டும் லென்சும் அடைபட்டிருக்க வேண்டும். கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் திருடன் வரமாட்டானா? லென்சின் பின்புறத்தில், கேமராவோடு பொருந்தும் உலோகத்தைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளம்பரங்கள் கேமராவின் பெருமையைப் பேசும்; லென்சைப் பற்றி நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாமாவும் நானும் இரண்டு கேமராக்களை எதிரெதிரே வைத்து எடைபோட்டோம். ஒன்று, 2015-இல் வெளிவந்த நிக்கான் டி7200. மற்றொன்று, அதே 2015-இல் வெளிவந்த பெண்டாக்ஸ் கே-எஸ்2. இரண்டுமே மழைத்தடுப்பு உள்ளவை. இரண்டிலும் முழுக் கண்ணாடிப் பட்டகம். இரண்டிலும் பார்வைச் சாளரம் படத்தை நூற்றுக்கு நூறு காட்டும்.

நிக்கானின் பக்கம் வலுவான நியாயங்கள் இருந்தன. ஓடும் மனிதரைப் பின்தொடர்ந்து குவியம் பிடிப்பதில் அது கெட்டிக்காரக் கேமரா. ஒருமுறை பேட்டரியை ஏற்றினால் 1,110 படங்கள் வரை எடுக்கலாம். பெண்டாக்சில் 410 படங்கள்தான். 24 மெகாபிக்சல் படம், பெண்டாக்சில் 20. மாமாவிடம் நிக்கான் லென்சுகள் இருந்தன. வேண்டும்போது இரவல் வாங்கலாம். பழுதுபார்க்கவும் ஆள் எளிதில் கிடைப்பார்கள். நம் ஊர்ப் பக்கத்தில் பெண்டாக்ஸ் வைத்திருப்பவரைக் காண்பதே அரிது.

இத்தனை இருந்தும், மாமா தம் அலமாரியிலிருந்து சாதாரண 18-55 லென்சை எடுத்துப் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார். அந்த ரப்பர் வளையம் இல்லை. கேனானின் எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கான இ.எஃப்-எஸ். வரிசை லென்சுகளிலும் மழைத்தடுப்பு கிடையாது; அதற்கு விலை உயர்ந்த எல் வரிசைக்குத்தான் போக வேண்டும். பெண்டாக்ஸ் நிறுவனமோ சாதாரண மக்கள் வாங்கும் சிறு லென்சுகளிலேயே மழைத்தடுப்பு வைத்தது. 'டபிள்யூ.ஆர்.' என்ற இரண்டு எழுத்துகள் அதற்கு அடையாளம். கே-எஸ்2 உடலில் 100 அடைப்புகள் உள்ளன. அதனுடன் வந்த 18-50 டபிள்யூ.ஆர். லென்ஸ் சுமார் 160 கிராம்தான். உள்ளே மடங்கிக் கொள்ளும்.

அளவு என்பதும் சிறிய விஷயமல்ல. பேட்டரியும் அட்டையும் சேர்த்து நிக்கான் 765 கிராம். பெண்டாக்ஸ் 678 கிராம். வேறுபாடு 87 கிராம்தானே என்று தோன்றலாம். ஆனால் உயரத்திலும் அகலத்திலும் ஒன்றரை, ஒன்றேகால் சென்டிமீட்டர் குறைவதால் என் சிறிய கைக்குள் அது அடங்கியது. இன்னொரு காரணமும் உண்டு. பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனால், "டிவிக்காரங்க வந்தாச்சு" என்று எல்லோரும் சட்டையைச் சரிசெய்து நேராக நின்றுவிடுவார்கள். சிறிய கேமரா என்றால் இரண்டு நிமிடத்தில் மறந்துவிட்டு வலை பின்னத் தொடங்குவார்கள். எனக்கு வேண்டியது அந்த மறதிதான்.

நடுக்கம் தணிக்கும் வசதி மூன்றாவது காரணம். நிக்கானில் அது லென்சுக்குள் இருக்கும். எல்லா லென்சிலும் இருக்காது. பெண்டாக்சில் ஒளி உணரியே காந்த விசையால் அசைந்து கைநடுக்கத்தைச் சரிசெய்கிறது. எனவே எந்த லென்சை மாட்டினாலும் அந்த உதவி கிடைக்கும். மேகம் மூடிய மாலையில் இது பெரிய ஆறுதல். ஆயினும் இது நம் கை நடுக்கத்தை மட்டுமே தணிக்கும். வலை இழுப்பவரின் அசைவை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டத்தான் வேண்டும்.

இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்த மாமா, அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய தோல்பையை எடுத்தார். அதற்குள் பெண்டாக்ஸ் கே1000. 1976-இல் வெளிவந்து 1997 வரை தயாரிக்கப்பட்ட, உலகெங்கும் மாணவர்கள் கையில் தவழ்ந்த ஃபிலிம் கேமரா. மாமா தொழில் கற்ற கேமரா அது. அதன் 50 மில்லிமீட்டர் லென்சைக் கழற்றி என் கையில் வைத்து, "இதுவும் அதுல மாட்டும் மக்களே" என்றார். எனக்கு வியப்பு தாங்கவில்லை. 1919-இல் டோக்கியோவில் அசாஹி என்ற பெயரில் தொடங்கிய இந்த நிறுவனம்தான் 1952-இல் ஜப்பானின் முதல் 35 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். கேமராவை உருவாக்கியது. 1975-இல் அது வகுத்த லென்ஸ் பொருத்து முறை, நிறுவனம் 2011-இல் ரிக்கோவின் கைக்கு மாறிய பிறகும் மாறவில்லை. பழைய லென்சில் குவியத்தைக் கையால் திருப்ப வேண்டும்; ஒளித்துளையைக் கையால் வைக்க வேண்டும். கேமராவைத் திறக்கும்போது லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்று அது கேட்கும். நாம் சொன்னால் அதற்கேற்ப நடுக்கத்தைத் தணிக்கும். அந்த லென்சில் மழைத்தடுப்பு இல்லை. ஆகவே அது மழை இல்லாத நாளுக்கு, முகங்களுக்கு. 18-50 மழை நாளுக்கு. மாமாவின் பெண்டாக்ஸ் 50-200 டபிள்யூ.ஆர். லென்ஸ் வாங்கும் யோசனையை அடுத்த சீட்டுக்குத் தள்ளி வைத்தோம்.

பெண்டாக்ஸ் என்று முடிவானது. பயன்படுத்திய கேமராவை வாங்கும்போது மாமா பார்த்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்கேனும் பயன்படும். பேட்டரிக் கதவையும் அட்டைக் கதவையும் திறந்து ரப்பர் பட்டை கிழியாமல், காயாமல் இருக்கிறதா என்று விரலால் தடவினார். திருகாணிகளில் துரு இருக்கிறதா என்று பார்த்தார். கடற்கரையில் இருந்த பொருளை அது காட்டிக்கொடுக்கும். லென்சின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் கண் வைத்தார். சிலந்தி வலை போல் நூல் தெரிந்தால் அது பூஞ்சணம். ஒளித்துளையைச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படம் எடுத்து, உணரியில் அழுக்குப் புள்ளிகள் உண்டா என்று தேடினார். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேட்டார். எல்லாம் சரியாக இருந்த பிறகே அம்மாவின் பணம் என் கையை விட்டுப் போனது. மீதிப் பணத்தில் ஓர் உபரி பேட்டரியும் வாங்கினேன்.

சென்ற ஆடி மாதம் முழுவதும் அந்தக் கேமரா என் கழுத்தில் கிடந்தது. சாரலில் நனைந்தது, அலை தெறித்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மழைத்தடுப்பை நம்பி நான் அலட்சியமாக இருக்கவில்லை. கரையில் நின்று ஒருபோதும் லென்ஸ் மாற்றுவதில்லை. ஈரம் காயாமல் எந்தக் கதவையும் திறப்பதில்லை. வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் உப்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாடிக்குக் கீழே வைக்கிறேன். உப்பு காய்ந்து படிந்தால் அது ரப்பரையும் உலோகத்தையும் மெல்ல அரிக்கும். பின்னர் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு பூட்டி வைக்கிறேன். லென்சின் முன் கண்ணாடியில் துளி விழுவதை எந்த ரப்பராலும் தடுக்க முடியாது. அதற்கு முன்மூடிக் குழாயும், அடிக்கடி துடைக்க ஒரு மெல்லிய துணியும்தான் மருந்து.

இதுவரை 43 பேரைப் படம் எடுத்து, அச்சிட்டு, வீடு வீடாகக் கொடுத்திருக்கிறேன். எங்கள் பாட்டா கரைமடிக் கயிற்றை இடுப்பில் கட்டிப் பின்னோக்கி நடக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நான்தானா?" என்று இரண்டு முறை கேட்டார். மழைத்துளி ஒவ்வொன்றும் அவர் தோளில் தெரிந்தது. அப்பா வள்ளத்தின் அணியத்தில் நின்று அலையைப் பார்க்கும் படத்தை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதைச் சுவரில் மாட்டவில்லை. நிலப்பத்திரமும் ரேஷன் அட்டையும் இருக்கும் பெட்டியில், துணியில் சுற்றி வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பெரியம்மா தகரப் பெட்டியில் தேடிய நாளை அம்மாவும் மறக்கவில்லை.

என் அன்புத் தோழியரே! நாளை நீங்கள் கேமரா வாங்கலாம், தையல் இயந்திரம் வாங்கலாம், கணினி வாங்கலாம். கடைக்காரர் மெகாபிக்சலையும் விலையையும் சொல்வார். உங்கள் தெருவில் மழை பெய்யுமா என்று அவர் கேட்கமாட்டார். அதை நீங்கள்தான் உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கே நிற்கப் போகிறோம், யாருக்காக நிற்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள். அப்படித் தேர்ந்த பொருள் சிறியதாயினும், பழையதாயினும், வேண்டிய நேரத்தில் கைவிடாது.

விளையாட்டு விழா நாளில் மழை வந்தாலும் இனிப் படம் நிற்காது என்று தலைமையாசிரியைச் சகோதரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் கரையில் இன்னும் படம் எடுக்க வேண்டியவர்கள் ஏறத்தாழ அறுபது பேர். அடுத்த ஆனி மாதம் தொடங்கும்போது பேட்டரியை ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.